சைப்ரஸ்: மண்ணுக்கு மேலே இரண்டு, கீழே ஒன்று

சைப்ரஸ் தீவின் தலைநகரான நிகோசியாவின் தரை வடகிழக்குப் பக்கமாக மெல்லச் சரிகிறது. ஊருக்குள் வரும் பெடியோஸ் ஆறும் அந்தப் பக்கமாகத்தான் வெளியேறுகிறது. நகரத்துக்குப் பாதாளச் சாக்கடை போடத் திட்டமிட்ட பொறியாளர்களும் தண்ணீர் போகும் வழியிலேயே போய், சுத்திகரிப்பு நிலையத்துக்கு மியா மிலியா என்ற இடத்தைப் பார்த்துவைத்தார்கள். அப்போது அது ஒரே ஊர், ஒரே திட்டம். 1974-இல் துருக்கிய ராணுவம் வந்து நின்ற இடத்தில் கோடு விழுந்தது. சாக்கடைத் தண்ணீரில் பெரும்பங்கு கோட்டுக்குத் தெற்கே, கிரேக்கர்கள் பக்கம். அது போய்ச் சேரவேண்டிய இடம் வடக்கே, துருக்கியர் கையில். குழாயை இணைக்காவிட்டால் இரண்டு பக்கமும் நாறும்.

இணைத்தார்கள். தெற்கு நிகோசியா மேயர் லெலோஸ் டெமெட்ரியாதெஸும் வடக்கு நிகோசியா மேயர் முஸ்தஃபா அகின்ஜியும் 1978-இல் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டார்கள். போர் முடிந்து நாலே வருடம். எதிரே இருப்பவரை 'மேயர்' என்று தாளில் எழுதினாலே அவருடைய அரசை அங்கீகரித்ததாகிவிடுமோ என்று பயந்த காலம் அது. இன்றைக்கும் நிகோசியா மண்ணுக்கு மேலே இரண்டு தலைநகரம், மண்ணுக்குக் கீழே ஒரே நகரம்.

சைப்ரஸ் மறுபடியும் ஒன்றாகுமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் குழாய்தான். சாக்கடையில் இரு தரப்புக்கும் வேறு வழியே இல்லை. அரசியலில் அப்படி இல்லை. ஐம்பது வருடமாக இரு தரப்புமே இப்போதிருக்கும் நிலையை 'தாங்கவே முடியாது' என்று சொல்லிக்கொண்டு தாங்கி வருகின்றன. என் பார்வையில் பேச்சுவார்த்தைகள் மாறிமாறித் தோற்றதற்குப் பழைய பகையை விட இதுதான் பெரிய காரணம்.

சரி, முதலில் எப்படிப் பிரிந்தது என்று பார்த்துவிடலாம். மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில், துருக்கியின் தென்கரைக்கு எதிரே கிடக்கும் 9,251 சதுர கிலோமீட்டர் தீவு. 1571-இல் ஒட்டோமான் துருக்கியர் பிடித்தார்கள். 1878-இல் நிர்வாகம் பிரிட்டன் கைக்குப் போனது, 1925-இல் முழுக் காலனியாகவே ஆனது. 1960-இல் விடுதலை கிடைத்தபோது கிரேக்க மொழி பேசும் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 78 சதவீதம், துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள் 18 சதவீதம். கலந்த ஊர்கள் நிறைய இருந்தன.

விடுதலைக்குப் போராடிய கிரேக்கர்கள் கேட்டது தனி நாடு இல்லை. தாய்நாடான கிரீஸோடு சேரவேண்டும் என்றார்கள். 'எனோசிஸ்' என்பது அதற்குப் பெயர். ஆயுதம் எடுத்த இயக்கம் எயோகா. அதற்கு எதிராகத் துருக்கியர் எழுப்பிய கோஷம் 'தக்சிம்', அதாவது தீவையே பிரி. கடைசியில் இரண்டுமே கிடைக்கவில்லை. யாரும் கேட்காத ஒரு குடியரசு வந்தது. அதற்கான ஒப்பந்தம் சூரிக்கிலும் லண்டனிலும் எழுதப்பட்டது. பிரிட்டன், கிரீஸ், துருக்கி மூன்றும் ஜாமீன்தாரர்கள். தேவைப்பட்டால் தனியாகவே தலையிடும் உரிமையும் மூன்றுக்கும் எழுதப்பட்டது. பிரிட்டன் தன் பங்குக்கு அக்ரோதிரி, டெகேலியா என்று இரண்டு ராணுவத் தளங்களைத் தன் சொந்த மண்ணாகவே வைத்துக்கொண்டது. தீவில் சுமார் மூன்று சதவீதம், இன்றும் அவர்களுடையதுதான்.

1960 அரசியல் சட்டத்தைப் படித்தால் சந்தேகப்படும் இரண்டு பங்காளிகளுக்கு வக்கீல் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் மாதிரி இருக்கும். ஜனாதிபதி கிரேக்கர், துணை ஜனாதிபதி துருக்கியர், இருவருக்கும் வீட்டோ. நாடாளுமன்றத்திலும் அரசு வேலையிலும் 70-க்கு 30. ராணுவத்தில் 60-க்கு 40. வரிச் சட்டம் நிறைவேற இரு சமூக உறுப்பினர்களிடமும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். மக்கள்தொகையில் 18 சதவீதம் பேருக்கு 30 சதவீதம் வேலையா என்று கிரேக்கர்கள் பொருமினார்கள். எழுதிக்கொடுத்ததையே தர மறுக்கிறார்கள் என்று துருக்கியர்கள் பொருமினார்கள். 1963 நவம்பரில் ஜனாதிபதி பேராயர் மகாரியோஸ் சட்டத்தில் 13 திருத்தங்களை முன்வைத்தார். துருக்கியர் பாதுகாப்பு என்று நினைத்த ஷரத்துகள் பலவற்றில் அவை கைவைத்தன. டிசம்பரில் ரத்தம் சிந்தியது. அந்த மாதக் கடைசியில் ஒரு பிரிட்டிஷ் தளபதி வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் நிகோசியாவின் குறுக்கே கோடு கிழித்தார். 'பச்சைக் கோடு' என்ற பெயர் அப்படி வந்தது.

ஆக, 1974-க்குப் பத்து வருடம் முன்பே பிளவு தொடங்கிவிட்டது. இதைக் கவனிக்காமல் சைப்ரஸைப் புரிந்துகொள்ள முடியாது. துருக்கிய சைப்ரசியர்களுக்கு வேதனை 1963-இல் தொடங்குகிறது. சுமார் 25,000 பேர் வீட்டை விட்டு ஓடி, தீவில் அங்கங்கே துண்டு துண்டான முற்றுகைப் பகுதிகளில் அடைந்துகிடந்தார்கள். அவர்கள் விட்டுப்போன அரசுப் பதவிகள் அப்படியே நின்றன. இன்றும் சைப்ரஸ் நாடாளுமன்றத்தில் 80 இடங்கள் உண்டு. அதில் துருக்கிய சமூகத்துக்கான 24 இடங்கள் காலி. கிரேக்க சைப்ரசியர்களுக்கோ வேதனையின் தேதி 1974. அந்த ஜூலை 15-இல் ஏதென்ஸின் ராணுவ ஆட்சி மகாரியோஸைக் கவிழ்க்க, ஜூலை 20-இல் துருக்கி 'ஜாமீன்தாரர் உரிமை' என்று சொல்லிப் படை இறக்கியது. கவிழ்ப்பு ஒரு வாரத்தில் பிசுபிசுத்துப்போனது. ஏதென்ஸ் ராணுவ ஆட்சியும் விழுந்தது. ஆனாலும் துருக்கிப் படை ஆகஸ்டில் மறுபடி முன்னேறித் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே பிடித்தது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கிரேக்கர்கள் தெற்கே ஓடினார்கள். துருக்கியர்கள் பல்லாயிரம் பேர் வடக்கே போனார்கள்.

அதனால் ஜூலை 20 காலையில் தெற்கே சைரன் ஊதி அழுகிறார்கள். வடக்கே அதே நாளில் அணிவகுப்பு நடத்திக் கொண்டாடுகிறார்கள். தெற்கே பள்ளி நோட்டுப் புத்தகத்தில் 'நான் மறக்கமாட்டேன்' என்று அச்சடித்து, பறிபோன ஊர்களின் படம் போட்டார்கள். வடக்கே பென்டாடாக்டிலோஸ் மலைச்சரிவில் தங்கள் கொடியை மிகப் பெரிதாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். தெற்கு நிகோசியாவில் மாடிக்குப் போனால் அது கண்ணில் படாமல் இருக்காது.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு செய்தி. 1964-இல் அங்கே போன ஐ.நா. அமைதிப்படையின் முதல் தளபதி இந்தியர், ஜெனரல் கியானி. அவருக்குப் பின் வந்த குடகுக்காரர் ஜெனரல் திம்மையா 1965 டிசம்பரில் சைப்ரஸிலேயே பணியில் இருந்தபோது மாரடைப்பால் இறந்தார். 1974 போரின்போது தளபதியாக இருந்தவரும் இந்தியர்தான், பிரேம் சந்த். நிகோசியா விமான நிலையத்தை இரண்டு தரப்புக்கும் கொடுக்காமல் ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்துக் காத்தது அவர் காலத்தில். அந்த விமான நிலையத்திலிருந்து பயணிகள் விமானம் அதன்பிறகு கிளம்பவே இல்லை. ஒரு ட்ரைடெண்ட் விமானம் மட்டும் ஓடுபாதைப் பக்கம் நின்றபடியே உளுத்துக்கொண்டிருக்கிறது. 1983-க்குப் பிறகு இலங்கைப் பிரச்சினை சூடேறியபோது 'இந்தியா சைப்ரஸில் துருக்கி செய்ததைச் செய்யுமா' என்ற பேச்சு, சிலரிடம் அச்சமாகவும் சிலரிடம் ஆசையாகவும் எழுந்தது. அப்படிக் கேட்டவர்கள், அந்தப் படையெடுப்பால் துருக்கிய சைப்ரசியர்களுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

கிடைத்தது இதுதான். 1983 நவம்பர் 15-இல் 'வட சைப்ரஸ் துருக்கிக் குடியரசு' என்று தனி நாடு அறிவித்தார்கள். ஐ.நா. பாதுகாப்பு அவை உடனே செல்லாது என்றது. துருக்கியைத் தவிர இன்றுவரை எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை. விமானம் துருக்கி வழியாகத்தான் போகவேண்டும். பணம் துருக்கி லிரா. லிரா சரிந்தால் அங்கே சம்பளமும் சரியும். குடிதண்ணீர்கூட 2015 முதல் துருக்கியிலிருந்து கடலுக்கடியில் குழாய் வழியாக வருகிறது. பாதுகாப்பு கிடைத்தது, உண்மை. அதற்கு ஈடாக எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி, அது துருக்கித் தலைநகர் அங்காராவில். (வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்ட் யாராவது 'சைப்ரஸ் யூனிவர்சிட்டி' என்றால், எந்த சைப்ரஸ் என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.)

2004-க்கு வருவோம். ஒன்றாகும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரம் வரை வந்து போன வருடம் அது. அன்றைய ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் பெயரில் ஒரு திட்டம். ஐக்கிய சைப்ரஸ் குடியரசு, அதற்குள் இரண்டு மாநிலங்கள், கொஞ்சம் நிலம் கிரேக்கர் பக்கம் திரும்பும், துருக்கிப் படை வருடக்கணக்கில் படிப்படியாகக் குறையும். ஏப்ரல் 24 அன்று இரண்டு பக்கமும் தனித்தனியாக வாக்கெடுப்பு நடந்தது. துருக்கிய சைப்ரசியர்களில் 65 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். கிரேக்க சைப்ரசியர்களில் 76 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஜனாதிபதி தாசோஸ் பாபடோபுலோஸ் டிவியில் தோன்றி, நிராகரியுங்கள் என்று கண்கலங்கக் கேட்டுக்கொண்டார்.

ஏன் வேண்டாம் என்றார்கள்? துருக்கிப் படை முழுதாகப் போகாது, துருக்கியின் ஜாமீன் உரிமை நீடிக்கும், வீடு திரும்பும் உரிமைக்கு ஏகப்பட்ட நிபந்தனை. எல்லாம் நியாயமான குறைகள்தான். ஆனால் அதே குறைகளோடு 'சம்மதம்' என்று சொல்லவைக்கும் அழுத்தம் ஒன்று இருந்திருக்க முடியும். ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமை. அந்த அழுத்தத்தை ஒன்றியமே 1999-இல் ஹெல்சிங்கி மாநாட்டில் கழற்றிவிட்டது. தீர்வு என்பது உறுப்புரிமைக்கு முன்நிபந்தனை கிடையாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். வேண்டாம் என்று வாக்களித்து ஒரு வாரம்கூட முடியவில்லை, மே 1-இல் சைப்ரஸ் உறுப்பு நாடாகிவிட்டது. சட்டப்படி முழுத் தீவும் ஒன்றியத்துக்குள். வடக்கே மட்டும் ஒன்றியச் சட்டம் நிறுத்தி வைப்பு. சம்மதம் என்றவர்கள் வெளியே நின்றார்கள், மறுத்தவர்கள் உள்ளே போனார்கள். துருக்கிய சைப்ரசியர்கள் இதை இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் காரணம் இல்லை.

கொடி, தேசியகீதம், சுழற்சி முறை ஜனாதிபதி என்று பேச்சுவார்த்தை மேசையில் பல தலைப்புகள் இருந்தாலும், என் கணக்கில் மிகக் கடினமானது வீடும் நிலமும்தான். பத்திர ஆபீஸ் பக்கம் போய்ப் பழகியவர்களுக்குச் சட்டென்று புரியும். வடகரை ஊரான கிரெனியாவுக்குப் பக்கத்தில் கடல் பார்த்த ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் முதல் உரிமையாளர் ஒரு கிரேக்கர். 1974-இல் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடியவர். பத்திரம் தெற்கே அவர் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. தெற்கிலிருந்து வந்த துருக்கியக் குடும்பத்துக்கு, அங்கே விட்டுவந்த தோட்டத்துக்கு ஈடாக வடக்கு நிர்வாகம் அந்த வீட்டைக் கொடுத்தது. அவர்கள் பேத்தி அதே வீட்டில் பிறந்து வளர்ந்து, பின்பக்கத்து எலுமிச்சைத் தோப்பை ஒரு பில்டருக்கு விற்றாள். பில்டர் பிளாட் கட்டி வெளிநாட்டவர் ஒருவருக்கு விற்றார். இப்போது வீடு யாருடையது?

நால்வரிடமும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது, நால்வரிடமும் ஏதோ ஒரு காகிதம் இருக்கிறது. வடக்கே வீடு விற்கும் விளம்பரங்களிலேயே 'எந்த வகைப் பத்திரம்' என்று போடுவார்கள். 74-க்கு முன்பே துருக்கியர் பெயரில் இருந்த பத்திரமா, ஈடாகக் கொடுத்த பத்திரமா, ஒதுக்கீட்டுப் பத்திரமா என்பதைப் பொறுத்து விலை மாறும். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் வில்லங்கம் இருப்பது தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி பேரம் நடக்கிறது. கிரெனியாக்காரரான டிட்டினா லோய்ஸிடு என்ற பெண் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 1996-இல் துருக்கிக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார். வழக்குகள் குவிந்ததால் வடக்கே ஒரு சொத்து ஆணையம் அமைத்தார்கள். 2010-இல் அதே நீதிமன்றம், முதலில் அந்த ஆணையத்துக்குப் போய்விட்டு வாருங்கள் என்றது. அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. இத்தனை வருடம் கழித்து, முதல் உரிமையாளரின் உரிமையை மட்டும் பார்த்து இப்போது குடியிருப்பவரைத் தெருவில் நிறுத்திவிட முடியாது என்ற தொனி அதில் இருக்கிறது. காலம் போகப் போக உரிமை நஷ்டஈடாகச் சுருங்குகிறது. ஒவ்வொரு புது பிளாட்டும் தீர்வைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறது. சமீப வருடங்களில் தெற்கே, வடக்கிலுள்ள கிரேக்கர் நிலத்தை விற்றவர்களைக் கைதுசெய்து தண்டிக்கத் தொடங்கியிருப்பது இந்தப் பதற்றத்தால்தான்.

அடுத்த பெரிய முயற்சி 2017. இம்முறை வடக்கின் தலைவர் யார் தெரியுமா? சாக்கடைக் குழாயை இணைத்த அதே முஸ்தஃபா அகின்ஜி. தெற்கே நிகோஸ் அனஸ்தாசியாதெஸ். இருவரும் தெற்குக் கரையிலுள்ள லிமசோல் வட்டாரத்துக்காரர்கள். 2015-இல் பழைய நிகோசியாவின் லெட்ரா தெருவில் ஒன்றாக நடந்து, காபி குடித்து, ஊரே பார்த்து மகிழ்ந்தது. 2017 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் ஒரு விருந்து மேசையில், நடுராத்திரி தாண்டிய பிறகு, எல்லாம் உடைந்தது. துருக்கிப் படையும் ஜாமீன் உரிமையும் ஒரு பக்கம் இழுக்க, சம அதிகாரமும் சுழற்சி ஜனாதிபதி பதவியும் மறுபக்கம் இழுத்தன. யார் எழுந்து போனார்கள் என்பதில் இன்னும் சண்டை. சாக்கடையில் ஒத்துக்கொண்டவருக்கே அரசியலில் முடியவில்லை என்றால், தனிமனித நல்லெண்ணத்தால் ஆவதற்கு ஓர் எல்லை இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்புறம் காற்று மாறியது. 2020-இல் வடக்கே எர்சின் தாதார் வந்தார். கூட்டாட்சிப் பேச்சே வேண்டாம், இரண்டு நாடு என்று ஒப்புக்கொண்டால் பேசலாம் என்றார். அதே வருடம், 1974 முதல் முள்வேலிக்குள் பேய் நகரமாகக் கிடந்த வரோஷாவின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் தீவின் முதன்மையான கடற்கரைச் சுற்றுலாத்தலம். இப்போது இடிந்த ஹோட்டல்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுகிறார்கள். 2025 அக்டோபர் தேர்தலில் தாதார் தோற்றார். கூட்டாட்சிக்குத் திரும்பலாம் என்ற துஃபான் எர்ஹுர்மானுக்குச் சுமார் 63 சதவீத வாக்கு. அங்காரா தாதாரைத்தான் விரும்பியது என்பது ஒளிவுமறைவான விஷயம் இல்லை. லிரா விலைவாசி, பள்ளியில் தலைத்துணி பற்றிய விதியை எதிர்த்து அந்த வருடம் நடந்த ஊர்வலங்கள், 'எங்களை எங்கள் போக்கில் விடுங்கள்' என்ற மனநிலை எல்லாம் அந்த வாக்கில் இருந்தன.

எர்ஹுர்மான் சட்டப் பேராசிரியர். பேச்சுக்கு உட்காரும் முன் அவர் வைக்கும் நிபந்தனைகளில் ஒன்றைப் பாருங்கள். இந்த முறையும் கிரேக்கர் தரப்பு எழுந்து போனால் துருக்கிய சைப்ரசியர்கள் பழைய தனிமைக்கே திரும்பமாட்டார்கள் என்று முன்கூட்டியே உறுதி தரவேண்டும். சுழற்சி ஜனாதிபதி, காலக்கெடு என்பதெல்லாம் பழைய பாட்டு. இது புதிது, 2004 அனுபவத்தில் நேராகக் கைவைக்கிறது. 'வேண்டாம்' என்பதற்கும் ஒரு விலை வை என்கிறார். தெற்கின் ஜனாதிபதி கிறிஸ்டோடூலிடிஸ் இதை எளிதில் ஏற்கமாட்டார். ஏற்றால் பிரிவினைக்கு முன்ஒப்புதல் கொடுத்துவிட்டார் என்று சொந்த ஊரிலேயே கிழிப்பார்கள்.

என் கணிப்பு இது. அடுத்த சில வருடங்களில் ஒரே நாடாவதற்கு வாய்ப்பு குறைவு. இரண்டு நாடாக முறைப்படி பிரிவதற்கு அதைவிடக் குறைவு, ஏனென்றால் அதற்குத் தெற்கின் கையெழுத்து வேண்டும். நடுவில் ஒரு மூன்றாவது வழி, யாரும் கையெழுத்திடாமலே, நடந்துகொண்டிருக்கிறது. 2003-இல் செக்போஸ்ட் திறந்ததிலிருந்து ஆட்கள் தினமும் போய் வருகிறார்கள். துருக்கிய சைப்ரசியர்கள் ஏராளமானோர் கையில் தெற்கின், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் பாஸ்போர்ட் இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்கே வேலைக்குப் போகிறவர்கள் யூரோவில் சம்பளம் வாங்குகிறார்கள். தெற்கிலிருந்து போகிறவர்கள் லிரா விலையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். 2016 குளிர்காலத்தில் வடக்குப் பகுதி துருக்கியின் நேரத்தைப் பின்பற்றியதால் ஒரே தெருவின் இரண்டு முனையில் கடிகாரம் வெவ்வேறு நேரம் காட்டியது. ஒரு வருடத்தில் அதை விட்டுவிட்டார்கள். 2021-இல் கிரேக்கர்கள் ஹலூமி என்றும் துருக்கியர்கள் ஹெல்லிம் என்றும் சொல்லும் பாலாடைக்கட்டிக்கு ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு பெயரையும் சேர்த்தே பூகோள அடையாளம் கொடுத்தது. வடக்கே செய்யும் ஹெல்லிமும் அதில் அடக்கம்.

இரு தரப்பும் சேர்ந்து செய்யும் வேலைகளில் என்னை மிகவும் பாதிப்பது காணாமல் போனோர் குழு. 1963-64, 1974 வன்முறைகளில் காணாமல் போனவர்கள் பட்டியலில் 2,002 பெயர்கள். கிரேக்கர் 1,510, துருக்கியர் 492. இரு சமூக விஞ்ஞானிகளும் சேர்ந்து கிணறுகளையும் வயல்களையும் தோண்டுகிறார்கள். பழைய விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. பகுதியில் ஓர் ஆய்வுக்கூடம். நீண்ட மேசைகளில் எலும்புகளைக் கால் முதல் தலை வரை வரிசைப்படுத்தி வைப்பார்கள். டிஎன்ஏ பொருந்தினால் குடும்பத்தை அழைத்துக் கொடுப்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இப்படி வீடு சேர்த்திருக்கிறார்கள். எப்படிச் செத்தார், யார் கொன்றார் என்று அந்தக் குழு சொல்லாது. சொல்லக்கூடாது என்பது விதி. அந்த விதி இருப்பதால்தான் இரு தரப்பும் இடம் காட்டுகின்றன. நீதி கேட்பவர்களுக்கு அது ஆறாத குறை. ஆனாலும் எலும்பு கிடைக்கிறது.

2025 மார்ச்சில் ஜெனீவாவில் இரு தரப்பும் கூடி, புதிதாக நான்கு இடங்களில் கடக்கும் வழி திறக்கலாம் என்று ஒத்துக்கொண்டன. இப்போதிருப்பவை ஒன்பது, காலை நேரத்தில் கார் வரிசை நெடுகிலும் நிற்கும். ஒத்துக்கொண்ட பிறகு, எந்தச் சாலை எந்தப் பக்கமாக எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதில் சிக்கிக்கொண்டார்கள். அந்த வருடம் முடியும்வரை ஒன்றும் திறக்கவில்லை. துருக்கியர் தரப்பு முக்கியமாகக் கேட்கும் இடம் நிகோசியாவுக்கு வடகிழக்கே இருக்கிறது. அவர்கள் அதை ஹஸ்போலாட் என்கிறார்கள். கிரேக்கர்கள் வைத்த பெயர் மியா மிலியா. தெற்கின் சாக்கடைத் தண்ணீர் அந்த இடத்துக்கு நாற்பது வருடத்துக்கும் மேலாகத் தினமும் போய்க்கொண்டிருக்கிறது.